பேரெழுத்தும் பெருமானும்: ஆங்கில எழுத்தில் சமயச் சொற்களின் வரலாறு

ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு குழுவினருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சிறியதொரு மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்தேன். தமிழில் ஆறே வரி. தோட்டப்புறக் கோயிலில் மூதாட்டி ஒருத்தி மாரியம்மன் முன் நின்று, “கடவுளே, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பும் காட்சி. அதனை ஆங்கிலத்திலும் மலாயிலும் பெயர்த்து வருமாறு கேட்டேன்.

மறுநாள் தாள்களைத் திருத்த அமர்ந்தபோது சிவப்பு மை ஓட மறுத்தது. ‘கடவுள்’ என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் நால்வகையாக வந்திருந்தது. சிலர் ‘காட்’ என்பதைப் பேரெழுத்தில் தொடங்கியிருந்தனர், சிலர் சிற்றெழுத்தில். சிலர் ‘லார்ட்’ என்று எழுதியிருந்தனர். ஒருவர் மட்டும் எதிரே இருப்பது அம்மன் என்பதை மறவாமல் ‘காடெஸ்’ என்று பெண்பாலில், அதுவும் சிற்றெழுத்தில், எழுதியிருந்தார். மலாய்த் தாள்களிலோ இக்குழப்பம் சிறிதும் இல்லை. எல்லாருமே ‘துஹான்’ என்பதைப் பேரெழுத்தில் தொடங்கி, ‘நீ’ என்பதற்கு ஈடான ‘எங்காவ்’ என்ற சொல்லையும் பேரெழுத்திலேயே தொடங்கியிருந்தனர். ஒரே மாணவர், ஒரே இரவு, ஒரே கடவுள்; இரண்டு மொழியில் இரண்டு ஒழுங்கு. மூலமாகிய தமிழிலோ பேரெழுத்து என்ற ஒன்றே கிடையாது.

மாணவர்களைக் குறை சொல்ல இயலாது. ஆங்கில இலக்கண நூல் தருகின்ற விதி எளியது: சிறப்புப்பெயர் பேரெழுத்தில் தொடங்கும், பொதுப்பெயர் சிற்றெழுத்தில் தொடங்கும். கோலாலம்பூர் சிறப்புப்பெயர், ஊர் பொதுப்பெயர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் ‘கடவுள்’ சிறப்புப்பெயரா, பொதுப்பெயரா? ஒருவரே உளர் என்று நம்புவோர்க்கு அது பெயர். பலர் உளர் என்று கருதுவோர்க்கு அது இனத்தைக் குறிக்கும் சொல். இங்கே இலக்கணம் சமயத்திடம் கேட்டுத்தான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிந்துகொண்டால் வகுப்பறையில் நாம் கொடுக்கும் விடையும் சற்று நேர்மையாக இருக்கும்.

முதலில் எழுத்தின் கதை. பழைய உரோமானியரிடம் கல்வெட்டுக்கு இருந்தவை இன்று நாம் பேரெழுத்து என்று சொல்லும் வடிவங்களே. கி.பி. 113இல் உரோமில் நிறுவப்பட்ட திராயான் தூணின் கல்வெட்டைக் காண்போர் அதில் சிற்றெழுத்து ஒன்றையேனும் காணார். எல்லாமே பேரெழுத்தாக இருக்கும் இடத்தில் பேரெழுத்துக்குத் தனி மதிப்பு ஏது? விரைந்து எழுதும் கையின் பழக்கத்தால் உருண்டு சுருங்கிய வடிவங்கள் பல நூற்றாண்டுகளில் தோன்றின. கி.பி. 800ஐ ஒட்டிச் சார்லமேன் பேரரசில் அவை தெளிவான சிற்றெழுத்தாகச் சீர்பெற்றன. அதன் பின்னரே இரண்டு வரிசைகளும் ஒரே பக்கத்தில் அருகருகே நின்று, ஒன்று தலைவனாகவும் மற்றது பணியாளாகவும் ஆயின. அச்சுக்கலை வந்தபோது அச்சுக்கோப்பவர் பேரெழுத்துகளை மேல் பெட்டியிலும் சிற்றெழுத்துகளைக் கீழ்ப் பெட்டியிலும் வைத்தார். இன்றும் ஆங்கிலத்தில் அவற்றுக்கு மேற்பெட்டி, கீழ்ப்பெட்டி என்றே பெயர்.

அப்படியானால் பேரெழுத்து வருமுன் எழுத்தர்கள் புனிதத்தை எவ்வாறு காட்டினர்? அவர்களும் வழி கண்டிருந்தனர். தொடக்கக் காலக் கிறித்தவக் கிரேக்கச் சுவடிகளில் கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து ஆகிய சொற்கள் முழுமையாக எழுதப்படுவதில்லை. முதலும் இறுதியுமான ஓரிரு எழுத்தை மட்டும் எழுதி, மேலே ஒரு கோடு இழுத்தனர். வரியில் ஓடும் கண் அந்தக் கோட்டைக் கண்டவுடன் சற்றே நின்று வணங்கிச் செல்லும். எபிரேய எழுத்தர் வேறொன்று செய்தனர். 1947 முதல் சாக்கடலை ஒட்டிய குகைகளில் கிடைத்த சுருள்களுள் சிலவற்றில், உரை முழுவதும் அக்கால எழுத்தில் இருக்க, இறைவனின் திருப்பெயர் மட்டும் வழக்கிறந்த பழைய எழுத்தில் வரையப்பட்டிருக்கிறது. நமக்கும் இது புதிதன்று. எழுதத் தொடங்குமுன் தாளின் தலையில் பிள்ளையார் சுழி இட்ட கைகள் நம் தாத்தாக்களுடையவை. எழுத்து வடிவத்தில் பணிவு காட்ட வேண்டும் என்ற விருப்பம் பேரெழுத்தை விடப் பழைமையானது என்பதையே இவை காட்டுகின்றன.

அந்தத் திருப்பெயர்தான் ஆங்கிலப் பேரெழுத்தின் வரலாற்றில் முதல் திருப்பம். எபிரேய மறையில் நான்கு மெய்யெழுத்துகளால் ஆன அப்பெயரை யூதர் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவ்விடத்தில் ‘என் ஆண்டவர்’ என்னும் பொருளுடைய ‘அதோனாய்’ என்று படிப்பர். கிரேக்கத்தில் பெயர்த்தோரும் இலத்தீனில் பெயர்த்தோரும் அவ்வழக்கைப் பின்பற்றி ‘ஆண்டவர்’ என்ற சொல்லையே இட்டனர். விளைவு என்ன? மூலத்தில் பெயர் எது, பட்டம் எது என்பது மொழிபெயர்ப்பில் மறைந்துவிட்டது. வில்லியம் டிண்டேல் 1530இல் மறையின் முதல் ஐந்து நூல்களை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது, திருப்பெயர் வரும் இடங்களில் ‘லார்ட்’ என்ற சொல்லைத் தொடர்ந்த பேரெழுத்துகளால் வேறுபடுத்தினார். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பு அதனை உறுதிப்படுத்தியது. அங்கே எல்லா எழுத்தும் பேரெழுத்தாக இருந்தால் அது திருப்பெயர்; முதலெழுத்து மட்டும் பேரெழுத்தாக இருந்தால் அது பட்டம். ஜெர்மானிய மொழியில் லூத்தரும் இதனையொத்த முறையைக் கையாண்டார். ஆக, இங்கே பேரெழுத்து வெறும் வணக்கம் அன்று. மூலத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று படிப்பவனுக்குச் சொல்லும் அடையாளக் குறி. இதனை அறியாமல் ஆங்கில விவிலியத்தைப் படிக்கும் மாணவர் பலர், அதனை அச்சகத்தாரின் அலங்காரம் என்றே எண்ணிவிடுகின்றனர்.

இரண்டாவது திருப்பம் பலருக்கு வியப்பளிக்கும். கடவுளைச் சுட்டும் ‘அவர்’, ‘அவருடைய’ என்னும் பிரதிப்பெயர்களைப் பேரெழுத்தில் எழுதுவதே பழைய மரபு என்றும், இக்காலத்தார் பக்தி குன்றி அதனைக் கைவிட்டனர் என்றும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை அதற்கு மாறானது. 1611ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பிரதிப்பெயர்கள் சிற்றெழுத்திலேயே உள்ளன. அப்பதிப்பை உருவாக்கியோரிடம் பக்தி இல்லை என்று எவரும் சொல்லத் துணியார். அதற்கும் முந்தைய பழைய ஆங்கிலக் கைப்படிகளில் ‘காட்’ என்ற சொல்லே பெரும்பாலும் சிற்றெழுத்தில்தான் காணப்படுகிறது.

பின் பேரெழுத்து எங்கிருந்து பெருகியது? 17ஆம் நூற்றாண்டிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஆங்கில அச்சகங்கள் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவற்றைப் பேரெழுத்தில் தொடங்கின. கடவுளுக்கு மட்டுமன்று, மரத்துக்கும் மாட்டுக்கும் மேசைக்கும் அதே மரியாதை. 1776ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலை அறிக்கையில் ‘படைத்தவர்’ என்ற சொல் பேரெழுத்தில் இருப்பதைக் காட்டிச் சமயப் பற்றைப் பற்றி நீண்ட வாதம் செய்வோர் உண்டு. அதே ஆவணத்தில் மிகச் சாதாரணமான பெயர்ச்சொற்களும் பேரெழுத்தில் நிற்கின்றன என்பதைக் கண்டால் அவ்வாதம் தளர்ந்துவிடும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழக்கு மெல்ல மறைந்தது. அது மறைவதைக் கண்டு வருந்தியவர்களுள் பெஞ்சமின் பிராங்கிளின் ஒருவர். இளமையில் அச்சுத் தொழிலாளியாக இருந்த அவர், 1789இல் அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய மடலில் அவ்வருத்தத்தைப் பதிவு செய்தார்.

என் கருத்து இது: பொதுப்பெயர்கள் எல்லாம் பேரெழுத்தை இழந்தபோது, அதனை இழக்காமல் நின்ற சில சொற்கள் திடீரென்று கண்ணில் பட்டன. கூட்டத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருக்கும்போது ஒருவர் நிற்பது தெரியாது; மற்றவர் அமர்ந்த பின்னரே தெரியும். அவ்வாறு தனித்து நின்ற பேரெழுத்து வணக்கத்தின் குறியாகப் பொருள்கொள்ளப்பட்டது. அப்பொருள் ஏற்பட்ட பின், 19ஆம் நூற்றாண்டின் பக்தி நூல்களும் பாமாலைகளும் அதனைப் பிரதிப்பெயர்களுக்கும் நீட்டித்தன. நாம் தொன்மை என்று நினைக்கும் வழக்கம் பெரிதும் விக்டோரியா காலத்துக் கொடை.

ஆங்கிலத்தில் ‘நான்’ என்னும் சொல் எப்போதும் பேரெழுத்தில் இருப்பதைச் சுட்டி, கடவுளைச் சிற்றெழுத்தில் எழுதும் ஆங்கிலேயர் தம்மை மட்டும் பேரெழுத்தில் எழுதிக்கொள்கின்றனர் என்று மேடையில் கைதட்டல் வாங்குவோரும் உண்டு. சுவையான பேச்சு, ஆனால் அது செருக்கால் வந்ததன்று. ஒற்றைக் கோடாக நிற்கும் அவ்வெழுத்து கைப்படியில் பக்கத்து எழுத்துகளுக்கிடையே காணாமற்போகும்; அதனால் நீட்டி எழுதினர். அவ்வளவே.

20ஆம் நூற்றாண்டில் பதிப்பாளர்கள் இரு அணியாகப் பிரிந்தனர். 1952இல் முழுமையாக வெளிவந்த திருத்திய செந்தரப் பதிப்பும் 1978இல் வந்த புதிய பன்னாட்டுப் பதிப்பும் பிரதிப்பெயர்களுக்குச் சிற்றெழுத்தையே கொண்டன. 1971இல் முழுமையாக வந்த புதிய அமெரிக்கச் செந்தரப் பதிப்பும் 1982இல் நிறைவுற்ற புதிய ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் பேரெழுத்தைக் கொண்டன. பல்கலைக்கழக அச்சகங்கள் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடு ‘காட்’ என்ற பெயருக்குப் பேரெழுத்தும் பிரதிப்பெயருக்குச் சிற்றெழுத்தும் போதும் என்கிறது. முஸ்லிம்களுக்கென எழுதப்பட்ட ஆங்கிலத் திருக்குர்ஆன் பெயர்ப்புகளோ, பிக்தாலின் 1930ஆம் ஆண்டுப் பெயர்ப்பு உட்பட, இறைவனைச் சுட்டும் பிரதிப்பெயர்களைப் பேரெழுத்தில் எழுதும் வழக்கத்தை விரும்பி ஏற்றன. அரபு எழுத்திலும் பேரெழுத்து இல்லை என்பதை நினைவில் கொள்க. ஆங்கிலத்தில் எழுதும் யூதர் சிலர் மற்றொரு வழி கண்டனர்: ‘காட்’ என்ற சொல்லின் நடு எழுத்தை விட்டு அங்கே ஒரு சிறு கோடு இடுகின்றனர். பெயரை முழுமையாக எழுதாமல் விடுவதே அங்கு மரியாதை.

சிற்றெழுத்தை விரும்பியவர்களை அலட்சியக்காரர் என்று கருதிவிடக் கூடாது. அவர்களிடம் ஓர் உறுதியான காரணம் இருந்தது. எபிரேயத்தில் பேரெழுத்து இல்லை. கிரேக்க மூலச் சுவடிகளிலும் இன்று நாம் அறியும் வேறுபாடு இல்லை. ஆகவே ஒரு ‘அவர்’ கடவுளைக் குறிக்கிறதா, மனிதரைக் குறிக்கிறதா என்று ஒவ்வோர் இடத்திலும் முடிவு செய்பவர் மொழிபெயர்ப்பாளரே. ஏசாயா நூலின் 53ஆம் அதிகாரம் துன்புறும் ஊழியர் ஒருவரைப் பாடுகிறது. கிறித்தவர் அவரை இயேசு என்று கொள்வர். யூத உரையாசிரியர் பலர் அவரை இஸ்ரவேல் மக்களின் உருவகம் என்று கொள்வர். புதிய ஜேம்ஸ் மன்னர் பதிப்பு அங்குள்ள பிரதிப்பெயர்களைப் பேரெழுத்தில் அச்சிட்டவுடன், பல நூற்றாண்டு வழக்கு ஒன்று ஒரே பக்கத்தில் தீர்ப்பாகிவிடுகிறது. படிப்பவர் வாதம் நடந்ததையே அறியார்.

இதனினும் நுட்பமான இடம் தொடக்க நூலின் முதல் அதிகாரம், இரண்டாம் வசனம். அங்கே நீரின்மேல் அசைந்தது ‘ரூவாஹ்’. அந்த எபிரேயச் சொல்லுக்குக் காற்று, மூச்சு, ஆவி என மூன்று பொருளும் உண்டு. ஜேம்ஸ் மன்னர் பதிப்பு அதனை ‘ஸ்பிரிட்’ என்று பேரெழுத்தில் எழுதிற்று. மூவொரு இறைவனின் மூன்றாம் ஆள் அங்கேயே காட்சி தருகிறார். 1989ஆம் ஆண்டுப் புதிய திருத்திய செந்தரப் பதிப்பு அதனை இறைவனிடமிருந்து வந்த ஒரு காற்று என்று எழுதிற்று; ஆள் மறைந்து இயற்கை வந்துவிட்டது. ஓர் எழுத்தின் உயரத்தில் ஒரு கோட்பாடு தொங்குகிறது என்றால் மிகையாகாது.

தமிழ் இங்கேதான் நம் கவனத்துக்கு வர வேண்டும். பேரெழுத்து இல்லாத நம் மொழி இந்த இடத்தில் என்ன செய்தது? 1871இல் முழுமையாக வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்ட ஐக்கியப் பதிப்பு ‘ஆவியானவர்’ என்றது. வினையையும் உயர்திணை மரியாதையில் முடித்தது. பேயையும் பிசாசையும் குறிக்கும்போது வெறும் ‘ஆவி’. இறைவனைக் குறிக்கும்போது ‘ஆவியானவர்’. ஆங்கிலம் ஓர் எழுத்தின் உயரத்தால் செய்ததைத் தமிழ் ஒரு விகுதியால் செய்துவிட்டது. ஆனால் 1995இல் கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் கூடி வெளியிட்ட திருவிவிலியம் அதே வசனத்தில் ‘கடவுளின் ஆவி’ என்று எழுதி, வினையை அஃறிணையில் முடிக்கிறது. ஆங்கிலப் பதிப்பாளர் பேரெழுத்தா சிற்றெழுத்தா என்று போராடிய அதே போராட்டத்தை நம்மவர் திணையில் போராடியிருக்கின்றனர்.

யோவான் நற்செய்தியின் தொடக்கம் வேறு பாடம் தருகிறது. ஆங்கிலத்தில் அங்குள்ள ‘வேர்ட்’ பேரெழுத்தில் நிற்பதால், அது வெறும் சொல்லன்று, ஓர் ஆள் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தமிழ் ஐக்கியப் பதிப்பில் முதல் வசனத்தில் ‘வார்த்தை’ அஃறிணையாகவே இருக்கிறது. அடுத்த வசனத்தில்தான் ‘அவர்’ என்று உயர்கிறது. தமிழ் வாசகர் ஒரு வசனம் காத்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ அந்தக் காத்திருப்பு மூலத்தின் உணர்வுக்கு நெருக்கமானதாகத் தோன்றுகிறது. டிண்டேலின் 1526ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அச்சொல்லைச் சுட்டும் பிரதிப்பெயர் அஃறிணையான ‘இட்’ என்றே இருந்தது. பின்வந்தோர்தான் அதனை ஆண்பாலாக்கினர்.

தமிழின் மரியாதைக் கருவிகள் ஏராளம். ஒருவரைப் பன்மையால் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியரே குறிப்பிடுகிறார்; அது வழக்கால் வந்த உயர்சொல் என்றும், இலக்கண நெறிப்படி அமைந்ததன்று என்றும் வேறுபடுத்துகிறார். பின்னர்க் கோயிற் பண்பாடு ஒரு தனிச் சொல்லகராதியையே வளர்த்தது. நம் உடல் மேனி என்றால் இறைவனுடையது திருமேனி. நம் கால் என்றால் அவனுடையது திருவடி. நாம் வருகிறோம், அவன் எழுந்தருள்கிறான். நாம் உண்கிறோம், அவன் அமுது செய்கிறான். நாம் தூங்குகிறோம், அரங்கன் கண்வளர்கிறான். முதலெழுத்தை உயர்த்தத் தெரியாத மொழி, சொல் முழுவதையுமே உயர்த்திவிட்டது.

ஐரோப்பியர் தமிழில் எழுத வந்தபோது இந்தச் செல்வத்துக்குள்தான் நுழைந்தனர். 1554இல் லிஸ்பனில் அச்சான மறைக்கல்வி நூல் தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் தந்தது. அந்த வழி நிலைத்திருந்தால் தமிழும் பேரெழுத்து உடைய மொழியாக ஆகியிருக்கும். ஆனால் 1578இல் கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்ஸ் அடிகளார் தமிழ் எழுத்திலேயே பதினாறு பக்க நூலை அச்சிட்டார். அதன் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலின் முதற்சொல்லே கடவுளுக்கு என்ன பெயர் இடுவது என்னும் கேள்விக்கு ஒரு விடை. அக்கேள்வி அத்துடன் ஓயவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி ‘சர்வேசுரன்’ என்றார். தரங்கம்பாடியில் சீகன்பால்கும் அச்சொல்லை ஏற்றார். பாப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். ஐக்கியப் பதிப்பு ‘தேவன்’ என்றது. திருவிவிலியம் ‘கடவுள்’ என்றது. ஆங்கிலேயர் ‘காட்’ என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அதன் முதலெழுத்தை மட்டும் மாற்றிப் பல கடவுளரிலிருந்து தம் ஒருவரைப் பிரித்தனர். தமிழில் எழுத்தை மாற்ற முடியாததால் சொல்லையே மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தனர், நானூறு ஆண்டுகளாக.

பன்மை விகுதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிறித்தவத் தமிழில் ‘தேவன்’ என்ற சொல் ன் விகுதியில் முடிந்தாலும் வினை ‘படைத்தார்’ என்றே முடியும். முஸ்லிம் தமிழில் ‘அல்லாஹ் படைத்தான்’ என்பதே வழக்கு. இது மரியாதைக் குறைவு அன்று. ஏகனாகிய இறைவனுக்குப் பன்மையின் நிழல்கூடப் படக்கூடாது என்னும் பற்றுறுதி அது. சைவரும் வைணவரும் பாசுரங்களில் ‘நீ’ என்றும் ‘அவன்’ என்றும் அழைத்தது நெருக்கத்தால். முஸ்லிம் மாணவர் எழுதிய ‘அவன்’ என்பதை ‘அவர்’ என்று திருத்திய ஆசிரியர்களை நான் அறிவேன். நல்லெண்ணத்தில் செய்த பிழை அது; ஆனால் பிழையே. ஆங்கிலத்திலும் இத்தகைய ஏமாற்றம் உண்டு. ‘தௌ’ என்னும் பழைய முன்னிலைச் சொல் இன்று உயர்ந்த, கோயிலுக்குரிய சொல்லாக ஒலிக்கிறது. அது வழங்கிய காலத்தில் நம் ‘நீ’ போலத் தாழ்ந்தோரையும் நெருங்கியோரையும் அழைக்கும் சொல்லாகவே இருந்தது. பொது வழக்கிலிருந்து மறைந்து வழிபாட்டில் மட்டும் தங்கியதால் மேன்மை பெற்றது. பேரெழுத்தின் கதையும் இதுதானே.

இனி, நம்மை நேரடியாகத் தொடும் பகுதி. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்தில், குறிப்பாக மறைபணியாளர் எழுத்தில், பேரெழுத்து வேலி ஆயிற்று. வேலிக்கு உள்ளே ஒருவர், பேரெழுத்தில். வெளியே சிவன், திருமால், முருகன், காளி எல்லாரும் சிற்றெழுத்துக் ‘காட்’கள். தனிப்பெயருக்குப் பேரெழுத்து கிடைத்தது. அது இலக்கண விதிப்படி எவருக்கும் கிடைப்பது. ஆனால் அவர்களுள் எவரும் பேரெழுத்துக் ‘காட்’ ஆக முடியவில்லை. இது இலக்கணம் என்று கற்பிக்கப்பட்டது. உண்மையில் அது ஒரு சமயத் தீர்ப்பு.

சீகன்பால்கு 1713இல் தமிழர் தெய்வங்களின் மரபு பற்றி எழுதிய நூல் இதற்கு நல்ல சான்று. ஜெர்மானிய மொழியில் பெயர்ச்சொல் அனைத்துக்கும் பேரெழுத்து என்பதால், கிறித்தவரின் கடவுளுக்கும் தமிழரின் தெய்வங்களுக்கும் எழுத்தளவில் வேற்றுமை காட்ட வழியில்லை. அவர் சொற்களால் வேற்றுமை காட்டினார். அதுமட்டுமன்று, எல்லாத் தெய்வங்களுக்கும் மேலான ‘பராபரவஸ்து’ ஒன்றைத் தமிழர் அறிந்திருந்தனர் என்று நூலின் தொடக்கத்திலேயே எழுதினார். அந்நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1867இல் சென்னையில் ஜெர்மானிய மொழியிலும் 1869இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஒவ்வோர் இடத்திலும் எழுத்தின் உயரத்தை முடிவு செய்ய வேண்டியவரானார். ஜெர்மானிய மூலம் அவருக்கு அதில் உதவியிருக்க இயலாது.

மறுபக்கமும் உண்டு. சைவ சித்தாந்தி ஒருவர் பதி, பசு, பாசம் என்று முப்பொருள் கூறும்போது, பதி ஒன்றே, அதற்கு இணையில்லை. அங்கே ‘கடவுள்’ என்றால் ஒருவரே. அதனை ஆங்கிலத்தில் சிற்றெழுத்தில் எழுதுவது இலக்கணப்படியும் தவறு. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலுடன் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், பின்னர்ச் சைவத்தை வினா விடையாகக் கற்பிக்க எழுதியபோது இந்த ஒருமையையே முன்வைத்தார். ஜி. யு. போப் 1886இல் திருக்குறளைப் பெயர்த்தபோது முதற்குறளின் ஆதிபகவனைப் பேரெழுத்துகளாலேயே எழுதினார். கிறித்தவக் குருவாகிய அவர் அவ்வாறு எழுதியதை நான் சிறிய செயலாகக் கருதவில்லை. ஆனால் சங்கப் பாடல்களில் ஆலமரத்தில் உறையும் தெய்வமும் ‘கடவுள்’தான். அங்கே பேரெழுத்திட்டால் அதுவும் தவறு. ஊர் எல்லையில் நிற்கும் ஒரு தெய்வத்தை அண்டத்தின் முதல்வராக்கிவிடுவோம். தமிழ் இரண்டையும் ஒரே சொல்லால் வேறுபாடின்றிச் சுமக்கிறது. ஆங்கிலம் ஒவ்வொரு முறையும், நீ எதனைச் சொல்கிறாய் என்று கேட்கிறது.

மலாய்மொழி இக்கேள்வியை விதியாலேயே தீர்த்துவிட்டது. ஜாவி எழுத்தில் மலாய் எழுதப்பட்ட காலத்தில் அங்கும் பேரெழுத்து இல்லை. உரோம எழுத்து நிலைபெற்று, 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொது எழுத்துக்கூட்டல் முறையை ஏற்ற பின் வகுக்கப்பட்ட விதிகளில், சமயம், மறைநூல், இறைவன் பெயர் ஆகியவற்றுக்கும் இறைவனைச் சுட்டும் பிரதிப்பெயருக்கும் பேரெழுத்து வேண்டும் என்று தெளிவாகச் சொல்லப்பட்டது. ‘அவருடைய’ என்னும் பொருளில் ஒட்டிவரும் ‘ன்யா’ கூட, இறைவனைக் குறித்தால் இடையில் ஒரு கோடிட்டுப் பேரெழுத்தில் தனித்து நிற்கும். என் மாணவர்களின் மலாய்த் தாள்கள் ஒன்றுபோல் இருந்ததற்குக் காரணம் இதுவே. ஆங்கிலத்துக்கு அத்தகைய விதி வகுக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. பதிப்பகத்துக்குப் பதிப்பகம் கையேடு மாறும்.

பிற சமயச் சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமயங்களின் பெயர், அவற்றைச் சார்ந்தோரின் பெயர், மறைநூல்களின் பெயர், திருநாள்களின் பெயர் ஆகியவை பேரெழுத்தில் தொடங்கும்; தீபாவளி, தைப்பூசம் உட்பட. கோயில் என்பது பொதுச்சொல், ஆனால் சிங்கப்பூரில் 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் என்று முழுப்பெயராக எழுதும்போது அச்சொல்லும் உயரும். ‘சர்ச்’ கட்டடமானால் சிறியது, திருச்சபையானால் பெரியது. சொர்க்கமும் நரகமும் பெரும்பாலும் சிற்றெழுத்தே. விவிலியத்தின் பெயருக்குப் பேரெழுத்து; அதிலிருந்து பிறந்த பெயரடைக்குப் பல கையேடுகள் சிற்றெழுத்தைத் தருகின்றன. ஆனால் வேதத்திலிருந்தும் திருக்குர்ஆனிலிருந்தும் பிறந்த பெயரடைகளுக்குப் பேரெழுத்து. இதற்குக் காரணம் கேட்காதீர்கள். பழகிய வீட்டுப் பிள்ளைக்கு மரியாதைச் சொல் குறைவது போலத்தான்.

அந்த ஆறு வரிப் பயிற்சிக்கு வருகிறேன். தாள்களுக்கு மதிப்பெண் இடாமல் வகுப்புக்கு எடுத்துச் சென்று, எழுதியவர்களையே காரணம் சொல்லச் சொன்னேன். பேரெழுத்தில் எழுதியவர், பாட்டி மாரியம்மனை அழைக்கும்போது அவளுக்கு வேறு கடவுள் இல்லை என்றார். சிற்றெழுத்தில் எழுதியவர், அந்தக் கோயிலிலேயே பக்கத்தில் முனீஸ்வரனும் இருப்பாரே என்றார். ‘காடெஸ்’ என்று எழுதிய பெண் எழுந்து, விளியாக வரும் சொல்லில் பாட்டி பால் பார்க்கவில்லை, நான்தான் பார்த்துவிட்டேன் என்று சொல்லித் தன் சொல்லைத் தானே அடித்தார். பிறகு மூவரும், பாட்டி பேசும் வரியில் பேரெழுத்து, கதை சொல்பவர் அம்மனைச் சுட்டும் வரியில் சிற்றெழுத்து என்று முடிவு செய்தனர். ‘லார்ட்’ என்று எழுதியவர் மட்டும் உடன்படவில்லை. அம்மனை ஆண்பாற் சொல்லால் அழைப்பது எப்படி என்று மற்றவர்கள் கேட்க, மணி அடித்துவிட்டது.